‘செட்’ என்னும் சொல்: கிளைகளும் சங்கமமும்

1755-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் வெளிவந்த தமது ஆங்கில அகராதியின் முகவுரையிலே, சாமுவேல் ஜான்சன் ஒரு குறிப்பிட்ட வகை வினைச்சொற்களைப் பற்றி மனம் நொந்து எழுதியிருக்கிறார். அவை பண்டிதர்களுக்கு மட்டும் தெரிந்த அபூர்வமான சொற்களல்ல; சந்தையிலும் சமையலறையிலும் குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை எல்லோரும் நாள்தோறும் வழங்குகின்ற, ஓரசையாலான சின்னஞ்சிறு சொற்களே. போவதையும் வருவதையும் கொடுப்பதையும் எடுப்பதையும் ஓடுவதையும் வைப்பதையும் குறிக்கும் இச்சொற்கள், தம் முதற்பொருளை விட்டு வெகுதூரம் விலகி, வரையறைக்கு உட்படாமல், எங்கெங்கோ சென்று திரிகின்றன என்பதும், உயிருள்ள பாஷையில் அவை நாளும் மாறிக்கொண்டே இருப்பதால் அவற்றின் அர்த்தத்தை ஓரிடத்தில் பிடித்து நிறுத்துவது அசாத்தியம் என்பதும் அவர் கூறிய குறைகள். எடுத்தல் என்னும் பொருளுடைய ‘டேக்’ என்ற ஒரு சொல்லுக்கே அவர் 134 பொருள்களை வகுக்க நேர்ந்தது. அவர் பெயர் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்ட அந்தச் சொற்களின் வரிசையில் ‘செட்’ என்பதும் ஒன்று.

ஜான்சனுக்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, ஜேம்ஸ் மரே என்னும் ஸ்காட்லாந்துக்காரரைத் தலைமையாசிரியராகக் கொண்டு ஆக்ஸ்போர்டு அகராதிப் பணி தொடங்கிற்று. 1884-இல் முதற்பகுதி அச்சாகி, 1928-இல் நிறைவெய்திய அந்தப் பெருநூலில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இடம்பெற்றன. அவற்றுள் மிக நீண்ட இடத்தைப் பிடித்துக்கொண்டது, மூன்றே எழுத்துகளால் ஆன ‘செட்’ என்னும் வினைச்சொல்தான். அச்சொல் அடங்கிய பகுதியைப் பதிப்பித்தவர் ஹென்றி பிராட்லி. ஷெபீல்டு நகரத்தில் ஒரு வியாபார நிலையத்தில் எழுத்தராக இருந்தவர். அகராதியின் முதற்பகுதிக்கு அவர் எழுதிய மதிப்புரையின் திறத்தைக் கண்டு மரே அவரைத் தம் பணிக்கு அழைத்துக்கொண்டார். பிராட்லி அந்த வினைக்கு 154 பெரும் பிரிவுகள் வகுத்தார். கடைசிப் பிரிவாகிய ‘செட் அப்’ என்ற தொடரின் உட்பிரிவுகளுக்கு ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகள் எல்லாம் போதாமல், எழுத்துகளை இரட்டித்து மறுபடியும் தொடங்க வேண்டியிருந்தது. 1989-இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் இச்சொல்லின் பொருள்கள் ஏறத்தாழ 430 ஆகவும், அவற்றை விளக்கும் பகுதி 60,000 சொற்கள் அளவினதாகவும் வளர்ந்துவிட்டன. ஒரு சொல்லுக்கு எழுதிய விளக்கம் ஒரு தனி நூலின் அளவை எட்டிற்று என்பது இதனால் விளங்கும்.

இப்பெருக்கத்தைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடுவது சுலபம். ஆனால், 430 பொருள்களையும் ஒரு மனிதன் தனித்தனியே மனப்பாடம் செய்துகொண்டு பேசுகிறான் என்று எண்ணுவது இயற்கைக்கு மாறானது. ஆங்கிலேயக் குழந்தை ஐந்து வயதுக்குள் இச்சொல்லைத் தாராளமாகப் பிரயோகிக்கிறது. ஆகவே இந்தப் பன்மைக்கு உள்ளே ஏதோ ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அவ்வொழுங்கு இரண்டு வகையான நிகழ்ச்சிகளால் ஆயது என்பதே இக்கட்டுரை நிறுவ முயலும் கருத்து. ஒன்று, ஒரே வேரிலிருந்து பொருள்கள் கிளைத்துச் செல்லுதல். மற்றொன்று, வெவ்வேறு பிறப்புடைய சொற்கள் ஒலியால் ஒத்து வந்து ஒன்றாகக் கலத்தல். முன்னதைக் கிளை என்றும் பின்னதைச் சங்கமம் என்றும் கூறலாம். இவ்விரண்டையும் பகுத்தறியாமல் பொருள்களை எண்ணிக் கூட்டுவதனால் மலைப்பு உண்டாகுமேயன்றி அறிவு உண்டாகாது.

முதலில் வேரைக் காண்போம். பழைய ஆங்கிலத்தில் இவ்வினை ‘செட்டன்’ என்று வழங்கிற்று. ‘சிட்டன்’ என்றால் உட்கார்தல்; ‘செட்டன்’ என்றால் உட்காரச் செய்தல். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள உறவே இவ்விரண்டுக்கும் உரியது. தமிழில் அமர் என்பதற்கு அமர்த்து என்பதும், இரு என்பதற்கு இருத்து என்பதும் எவ்வாறு அமைந்தனவோ அவ்வாறே அமைந்தது. ஆங்கிலத்துக்கும் முற்பட்ட ஜெர்மானிய மூலபாஷையில் இப்பிறவினை ‘சத்யன்’ என்ற வடிவில் இருந்தது என்பது அறிஞர் துணிபு. அதன் ஈற்றில் நின்ற யகர ஒலியின் சாயல் முன்னிருந்த அகரத்தின் மேல் ஏறி, அதனை எகரமாக்கிற்று. பிறகு ஈறு தேய்ந்து மறைந்தது. மாறிய உயிர் மட்டும் எஞ்சிற்று. விழுதலைக் குறிக்கும் ‘ஃபால்’ என்பதற்கும் வெட்டி வீழ்த்துதலைக் குறிக்கும் ‘ஃபெல்’ என்பதற்கும் இடையே உள்ள உயிர் வேற்றுமையும் இதே காரணத்தால் நேர்ந்தது. தமிழில் பிறவினை காட்டும் உறுப்பு சொல்லின் இறுதியில் கண்ணுக்குத் தெரியும்படி நிற்கிறது. ஆங்கிலத்திலோ அது சொல்லின் நடுவே உருத்தெரியாமல் கரைந்துவிட்டது.

இன்னும் ஆழமாகச் சென்றால், இந்து-ஐரோப்பிய பாஷைகள் அனைத்துக்கும் பொதுவான ‘ஸெத்’ என்னும் மூலம் தென்படுகிறது. லத்தீனில் உட்கார்தலைக் குறிக்கும் வினையும், ஸம்ஸ்கிருதத்தில் ‘ஸத்’ என்னும் தாதுவும் இதன் வழித்தோன்றல்கள். வித்வான்கள் அமரும் ஸதஸ், சூழ அமர்ந்தோர் கூட்டமாகிய பரிஷத், ஆசிரியன் அருகே அமர்ந்து பெறும் உபதேசமாகிய உபநிஷத் ஆகிய சொற்களை அறிந்த தமிழ் வாசகர்கள், ‘செட்’ என்னும் சொல்லின் தூரத்து உறவினர்களை நெடுங்காலமாகவே அறிந்திருக்கிறார்கள். பிரசாதம் என்னும் சொல்லும் அத்தாதுவின் அடியாகவே பிறந்தது. கலங்கியது அடங்கித் தெளிதல் என்பது அதன் ஆதிப்பொருள். தெளிவிலிருந்து மனமகிழ்ச்சியும், அதிலிருந்து அனுக்கிரகமும், அதிலிருந்து கோயிலில் பெறும் நைவேத்தியமும் முறையே பொருளாயின. ஒரு வேர் எவ்வளவு தூரம் ஓடக்கூடும் என்பதற்கு நம் கையிலேயே இருக்கும் சான்று இது.

உட்காரச் செய்தல் என்ற ஆதிப்பொருளிலிருந்து முதலிற் கிளைத்தது, ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் நிலைபெற வைத்தல் என்பது. வெறுமனே வைப்பதற்கு ஆங்கிலத்தில் ‘புட்’ என்ற வேறு சொல் உண்டு. ‘செட்’ என்பதில், வைக்கும் இடம் இன்னது என்ற நியதியும், வைத்தது அங்கேயே நிற்க வேண்டும் என்ற கருத்தும் சேர்ந்திருக்கின்றன. பொற்கொல்லன் மோதிரத்தில் கல்லைப் பதிப்பதும், வைத்தியன் முறிந்த எலும்பை நேராக்கிக் கட்டுவதும், வேடன் கண்ணி வைப்பதும், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பதும், கடிகாரத்தின் முட்களைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைப்பதும், விருந்துக்கு மேஜையில் தட்டுகளை ஒழுங்குபட வைப்பதும் இச்சொல்லாலேயே குறிக்கப்படுவதன் காரணம் இதுதான். ரம்பத்தின் பற்களை ஒன்றை இடப்புறமும் அடுத்ததை வலப்புறமும் சற்றே சாய்த்து, அறுக்கும்போது தகடு மரத்தில் சிக்காதபடி செய்வதற்கும் தச்சர்கள் இச்சொல்லையே வழங்குகிறார்கள். பொருட்களை வைத்தது போலவே கருத்துகளையும் வைக்கத் தொடங்கியபோது, விலை நிர்ணயித்தல், நாள் குறித்தல், வினாத்தாள் அமைத்தல், பிறருக்கு முன்மாதிரியாக நடத்தல், பாட்டுக்கு இசையமைத்தல் ஆகியனவும் இதன் எல்லைக்குள் வந்தன.

மண்ணில் ஊன்றுவதும் வைத்தலின் ஒரு வகையே. நடுவதற்கென்று வைத்த சிறு வெங்காயத்துக்கும், கிழங்குத் துண்டுக்கும் ஆங்கிலேய உழவர் இட்ட பெயர் ‘செட்’. எழுத்தில் ஒரு மெய்யை இரட்டித்து எழுதப்படும் இச்சொல்லின் மற்றொரு வடிவம், இந்தியாவின் கரும்பு ஆராய்ச்சி நிலையங்களில் இன்றும் வழங்குகிறது. நம் குடியானவர்கள் விதைக்கரணை என்று சொல்வதையே அந்நிலையங்களின் ஆங்கில வெளியீடுகள் அச்சொல்லால் குறிக்கின்றன.

இரண்டாவது கிளை, பிறவினையாகப் பிறந்த சொல் தன்வினையாகவும் நடக்கத் தொடங்கியதால் உண்டாயிற்று. நிலைபெறச் செய்தல் என்பது நிலைபெறுதல் என்றாயிற்று. பாகு இறுகுவதும், தயிர் உறைவதும், காரையும் சிமெண்டும் கெட்டிப்படுவதும் இவ்வகையின. கட்டடக் கலையில் இது கண்டிப்பான பரிபாஷையாகவே ஆகிவிட்டது: நீர் கலந்த சிமெண்டு குழைவை இழந்து உருநிற்கும் நிலையைத்தான் இச்சொல் குறிக்குமேயன்றி, பிறகு பல நாட்களாக அது வலிமை பெற்று வருவதைக் குறிக்காது, பின்னதற்கு வேறு சொல். சாதாரண போர்ட்லண்டு சிமெண்டு 30 நிமிஷங்களுக்கு முன் இறுகத் தொடங்கலாகாது, 600 நிமிஷங்களுக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். பிரெஞ்சுப் பொறியாளர் விக்கா என்பவரின் பெயரால் வழங்கும் ஊசிக் கருவியைக் கொண்டு, ஊசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்த்து இதனை அளக்கிறார்கள். அன்றாடப் பேச்சில் நெகிழ்ந்து கிடக்கும் ஒரு பொருள், தொழிலறிவின் கையில் நிமிஷக் கணக்குக்கு உட்பட்ட பொருளாக மாறுவதை இங்கே காண்கிறோம்.

சூரியன் அஸ்தமிப்பதற்கும் இச்சொல்லே வழங்குவது முதற்பார்வையில் புதிராகத் தோன்றும். ஆனால் பழைய ஆங்கிலத்தில், ஆசனம் என்னும் பொருள்படும் ‘செட்ல்’ என்ற பெயரைக் கொண்டு, சூரியன் தன் ஆசனத்துக்குச் செல்கிறது என்று சொல்வதே மரபு. பகல் முழுவதும் சஞ்சரித்தவன் மாலையில் இருக்கைக்குத் திரும்புகிறான் என்ற எண்ணமே அதன் அடிப்படை. கோழி அடைகாப்பதற்கும், முட்டைகளை அதற்கு அடைவைப்பதற்கும் ஆங்கிலக் கிராமங்களில் இதே வினை வழங்கிற்று. இங்கே தமிழ் வழக்கு ஒன்று தானாகவே நினைவுக்கு வருகிறது. நம் கிராமங்களிலும் பொழுது அடைகிறது என்பார்கள். பறவைகள் கூட்டில் அடைகின்றன என்பார்கள். கோழியை அடைவைத்தல் என்பார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பாஷைகள், சூரியனையும் கோழியையும் ஒரே வினையால் குறிக்கும் அளவுக்கு ஒரே வழியில் எண்ணியிருக்கின்றன. பொருள்கள் கிளைக்கும் விதம் தற்செயலானதன்று, மனித அனுபவத்தின் பொதுமையைத் தழுவியது என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்றாவது கிளை திசையைப் பற்றியது. ஒன்றை ஓரிடத்தில் வைக்கும்போது அதன் முகத்தை ஒரு பக்கம் நோக்கி வைக்கிறோம். நாளடைவில் வைத்தல் என்ற பொருள் பின்னடைந்து, நோக்குதல் என்ற பொருள் முன்வந்தது. பாய் விரித்துக் கப்பல் புறப்படுவதும், வழிப்போக்கன் பயணம் தொடங்குவதும், ஒருவன் ஒரு காரியத்தில் மனத்தைச் செலுத்துவதும் இவ்வாறு சொல்லப்படலாயின. மாலுமிகள் கடல் நீரோட்டம் எத்திசை நோக்கிப் பாய்கிறதோ அத்திசையை இச்சொல்லால் குறிப்பார்கள். வேட்டைநாய்களில் ஒரு ஜாதி, பறவையைக் கண்டதும் பாயாமல், அது இருக்கும் திக்கை நோக்கி உடலைத் தாழ்த்தி அசையாது நிற்கும். அந்த ஜாதிக்கு ‘செட்டர்’ என்ற பெயர் வந்ததும் இதனாலேயே.

மனத்தின் திசைக்கும் இச்சொல் சென்ற விதம் விசேஷமானது. பழகிய வழியிலேயே எண்ணம் ஓடி, எளிய வழி எதிரே இருந்தும் அதைக் காணாதிருக்கும் இயல்பை உளநூலார் மனத்தின் ‘செட்’ என்பார்கள். ஆப்ரஹாம் லுச்சின்ஸ் 1942-இல் வெளியிட்ட நீர்க்குடுவைச் சோதனைகள் இதற்குப் பிரசித்தமானவை. 21, 127, 3 என்னும் கொள்ளளவுள்ள மூன்று குடுவைகளைக் கொண்டு 100 அளவு நீரைப் பெற வேண்டும் என்றால், பெரிய குடுவையை நிரப்பி, அதிலிருந்து முதற்குடுவையை ஒருமுறையும் சிறு குடுவையை இருமுறையும் கழிக்க வேண்டும். இவ்வாறே தீரும் கணக்குகள் சிலவற்றைச் செய்தவரிடம், 23, 49, 3 என்னும் குடுவைகளைக் கொடுத்து 20 அளவு நீர் கேட்டால், 23-இலிருந்து 3-ஐக் கழித்தால் போதும் என்பது புலப்படாமல், பெரும்பாலோர் பழைய நீண்ட வழியையே பின்பற்றினார்கள். இங்கே ‘செட்’ என்பதில் சிமெண்டின் இறுக்கமும் நீரோட்டத்தின் திசையும் ஒருங்கே அடங்கியிருக்கின்றன; இரண்டு கிளைகள் மறுபடியும் பின்னிக்கொண்ட இடம் இது.

இடைச்சொற்களோடு சேர்ந்து இவ்வினை கொள்ளும் உருவங்கள் தனிப் பிரபஞ்சம். ஸ்தாபித்தல், புறப்படுதல், தொடங்குதல், தடைப்படுத்துதல், எழுதிவைத்தல், தாக்குதல் என ஒவ்வொரு சேர்க்கையும் ஒவ்வொரு பொருள் தரும். இவற்றுள் நம் நாட்டு வாழ்வில் நேரே புகுந்தவை சட்டத்துறைப் பிரயோகங்கள். 1908-ஆம் ஆண்டு உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் எட்டாம் கட்டளையில் வரும் ‘செட் ஆஃப்’ என்பது, வாதி கேட்கும் தொகைக்கு எதிரே அவர் பிரதிவாதிக்குத் தர வேண்டிய தொகையைக் கழித்துக்கொள்ளும் உரிமை. ஒன்பதாம் கட்டளையில் வரும் ‘செட் அசைட்’ என்பது, பிரதிவாதி ஆஜராகாதபோது ஒருதலையாகப் பிறந்த தீர்ப்பாணையை நீக்குதல். ஒதுக்கி வைத்தல் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அந்த ஆணை பிறகு எடுத்துக்கொள்ளப்படும் என்று பாமரர் எண்ணிவிடக்கூடும்; ரத்து செய்தல் என்பதே நீதிமன்றங்களில் வழங்கும் சரியான பொருள்.

இதுகாறும் கூறியவை எல்லாம் கிளைகள். இனிச் சங்கமத்தைப் பார்ப்போம். கூட்டம், தொகுதி, ஒருவகைப் பொருள்களின் முழுமையான சேர்க்கை என்னும் பொருளில் வழங்கும் ‘செட்’ என்ற பெயர்ச்சொல்லை மேற்சொன்ன வினையின் பிள்ளை என்றே யாரும் எண்ணுவார்கள். உண்மையில் அது பெரும்பாலும் வேறு குலத்தது. பின்பற்றுதல் என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து, ஒரு குருவைப் பின்பற்றுவோர் குழு என்னும் பொருளில் ‘ஸெக்டா’ என்ற பெயர் பிறந்தது. பழைய பிரெஞ்சில் அது ‘செட்’ என்று தேய்ந்தது. மத்திய காலத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்து, முதலில் மதப்பிரிவையும், பிறகு ஒத்த மனமுடைய மனிதர் கூட்டத்தையும், கடைசியில் ஒத்த பொருள்களின் தொகுதியையும் குறிக்கலாயிற்று. ஒலி ஒன்றாக இருந்தமையால், ஒழுங்குபட வைக்கப்பட்டவை என்ற வினைப்பொருளும் அதனோடு கலந்தது. தேநீர்க் கோப்பைகளின் தொகுதியை ‘செட்’ என்னும்போது, அது சேர்ந்து வருவன என்னும் பொருளா, சேர்த்து வைக்கப்பட்டன என்னும் பொருளா என்று பிரித்துச் சொல்வது எவராலும் ஆகாது. இரண்டு நதிகள் கூடிய பின் இந்நீர் இன்ன மலையினது என்று யார் சொல்ல முடியும்?

இந்தப் பெயர்ச்சொல்லின் வாழ்க்கையும் சுவையானது. உயர்குடி நாகரிகக் கூட்டம் ஒரு ‘செட்’. ஜெட் விமானங்கள் வந்தபின் கண்டம் விட்டுக் கண்டம் பறந்து பொழுதுபோக்கிய செல்வர்கள் மற்றொரு ‘செட்’. பல உறுப்புகளைச் சேர்த்து அமைத்த கருவி என்ற பொருளில் வானொலிப் பெட்டியும், பிறகு தொலைக்காட்சிப் பெட்டியும் இப்பெயர் பெற்றன. டென்னிஸ் ஆட்டத்தில் ‘கேம்’ என்னும் சிற்றாட்டங்கள் பல சேர்ந்தது ஒரு ‘செட்’. ஆறு சிற்றாட்டங்களை, இரண்டேனும் மிகுந்திருக்கும்படி வெல்ல வேண்டும் என்னும் பழைய நியதி கடைசி ‘செட்’டுக்குத் தளர்வின்றி நின்ற காலத்தில், 2010-ஆம் ஆண்டு விம்பிள்டன் பந்தயத்தில் ஜான் இஸ்னரும் நிக்கோலா மாஹூவும் ஆடிய ஆட்டத்தின் இறுதி ‘செட்’ 70-68 என்ற கணக்கில் முடிந்தது. முழு ஆட்டமும் மூன்று நாட்களில் 11 மணி 5 நிமிஷம் நீடித்தது.

கணித சாஸ்திரத்தில் இச்சொல் அரியணை ஏறியது இன்னும் அண்மையில்தான். ஜெர்மனியில் கேன்டர் 1874 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளுக்கு அடிப்படையான கருத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்பதில் தொடக்கத்தில் ஒருமைப்பாடு இல்லை. யங் தம்பதிகள் 1906-இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே ‘செட்’ என்பதை ஆண்டார்கள். 1915-இல் கேன்டரை மொழிபெயர்த்த ஜூர்டெயினோ, திரட்சி என்னும் பொருள்படும் ‘அக்ரிகேட்’ என்ற நீண்ட லத்தீன் சொல்லை விரும்பினார். கடைசியில் குட்டைச் சொல்லே வென்றது. தமிழ்ப் பாடநூல்கள் இதனைக் கணம் என்கின்றன. சிவகணம், பூதகணம் என்றெல்லாம் ஒரு தலைவனைப் பின்தொடரும் கூட்டத்தைக் குறித்த சொல்லே கணிதத் தொகுதிக்கும் பெயரானது, ‘ஸெக்டா’வின் சரித்திரத்தோடு ஒத்துப்போகிறது.

இவ்வளவு பொருள்களையும் சுமக்கும் இச்சொல், தன் உருவத்தால் கேட்பவனுக்கு எந்த உதவியும் செய்வதில்லை. இறந்தகாலத்திலும், நிகழ்காலத்திலும், எச்சத்திலும் அதற்கு ஒரே வடிவம்தான். பழைய ஆங்கிலத்தில் தனித்தனியே இருந்த விகுதிகள், சொல்லின் ஈற்றில் நின்ற தகர ஒலியோடு ஒட்டித் தேய்ந்து போயின. பெயரா வினையா, நேற்றா இன்றா, தன்வினையா பிறவினையா என எதையும் சொல் தானாகக் காட்டாது. ஆயினும் ஆங்கிலேயர் யாரும் இதனால் தடுமாறுவதில்லை. ஏன்?

இக்கேள்விக்கு நம் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே விடை கூறியிருக்கிறது. பலபொருள் ஒருசொல் என்று தனியே ஒரு வகையை அமைத்துக்கொண்ட தொல்காப்பியர், அச்சொல்லின் பொருளைத் தெளிவிப்பன அதனோடு வரும் வினையும் இனமும் சார்பும் என்று சொல்லதிகாரத்தில் வரையறுத்தார். மா காய்த்தது என்றால் வினையால் மரமாயிற்று. மாவும் பலாவும் என்றால் இனத்தால் மரமாயிற்று. படைக்கலம் பூண்டு நிற்பவன் மா கொண்டு வா என்றால் சார்பால் குதிரையாயிற்று. இந்த மூன்று அளவுகோல்களையும் ‘செட்’ என்பதற்கு வைத்துப் பார்த்தால் அவை சிறிதும் பிழையாமல் பொருந்துகின்றன. சிமெண்டு என்ற எழுவாயோடு வந்தால் இறுகுதல். கத்தி, கரண்டி என்னும் இனத்தோடு வந்தால் தொகுதி. ஆடுகளத்தில் சொன்னால் ஆட்டத்தின் பகுதி, படப்பிடிப்பு நிலையத்தில் சொன்னால் செயற்கையாகக் கட்டிய காட்சியமைப்பு. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய வேண்டும் என்ற கொள்கையை இருபதாம் நூற்றாண்டில் வற்புறுத்திய ஆங்கில மொழியறிஞர் ஜே. ஆர். ஃபர்த், ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலுக்கு 1934-இல் தமிழ் உச்சரிப்பைப் பற்றிய பகுதியை எழுதிச் சேர்த்தவர் என்பது இங்கே குறிப்பிடத் தக்கது.

பொருளை நிச்சயிப்பது சேர்க்கை என்றால், 430 என்ற எண்ணுக்கு என்ன மதிப்பு? அது சொல்லின் இயல்பை எவ்வளவு காட்டுகிறதோ, அகராதிக்காரரின் முறையையும் அவ்வளவு காட்டுகிறது. கல்லைப் பதித்தலையும் கண்ணி வைத்தலையும் ஒரே பொருள் என்று சேர்ப்பவர் ஒருவர். இரண்டு என்று பிரிப்பவர் மற்றொருவர். ஆக்ஸ்போர்டு அகராதியின் புதிய திருத்தப் பணியில், ஓடுதலைக் குறிக்கும் ‘ரன்’ என்னும் வினைக்கு பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் உழைத்து 645 பொருள்களை வகுத்தார். அதனால் ‘செட்’ தன் முதலிடத்தை இழந்தது. மிகுதியாக வழங்கும் சொற்களுக்கே பொருள்களும் மிகுதி என்றும், பொருள்களின் எண்ணிக்கை வழக்கின் அளவுக்கு வர்க்கமூல விகிதத்தில் ஏறும் என்றும் ஜிப் என்னும் அமெரிக்க அறிஞர் 1945-இல் எடுத்துக்காட்டினார். ஆதலால், பல பொருள் உடைமை என்பது ஒரு சொல்லின் நோயன்று. அது ஓயாது உழைப்பதன் அடையாளம்.

இனி, இச்சொல் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்தபின் நிகழ்ந்ததைக் கூறாமல் இவ்வாராய்ச்சியை முடிக்கலாகாது. ஏனெனில் இங்கிலாந்தில் நடந்த கதை முழுவதும் நம் கண்ணெதிரே சிறிய அளவில் மறுபடியும் நடந்திருக்கிறது. தமிழர்கள் முதலில் ஏற்றுக்கொண்டது தொகுதி என்னும் பெயர்ப்பொருளை. பம்ப்செட், மைக்செட், பேண்டு செட், நகை செட் என்பன எல்லாம் பல உறுப்புகள் சேர்ந்த முழுமைகள். கன்னட நாட்டிலிருந்து பரவிய செட் தோசை, இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பரிமாறப்படுவதால் அப்பெயர் பெற்றது. ஒத்த வயதினரை எங்கள் செட்டு என்பதும், செட்டுச் சேர்ந்து சுற்றுவதும், ‘ஸெக்டா’வின் ஆதிப்பொருளாகிய கூட்டாளிகள் குழுவையே திரும்பக் கொண்டுவந்துவிட்டன. வீடுதோறும் உள்ள செட்டாப் பாக்ஸ், தொலைக்காட்சி ‘செட்’டின் தலைமேல் வைப்பதற்கான பெட்டி என்ற பொருளில் வந்தது, தட்டையான தொலைக்காட்சியின் தலைமேல் எதையும் வைக்க முடியாத இக்காலத்திலும் பெயர் மாறவில்லை.

பெற்றுக்கொண்டதோடு தமிழர்கள் நிற்கவில்லை. புதிய கிளைகளையும் வளர்த்தார்கள். இந்த நிறம் உனக்குச் செட் ஆகவில்லை, அந்த ஊர் எனக்குச் செட் ஆகாது, வேலை செட் ஆகிவிட்டது என்னும் வாக்கியங்களில் வரும் பொருத்தப் பொருளும் கைகூடும் பொருளும் ஆங்கிலேயர் காதுக்கு இவ்வடிவில் பழக்கமானவையல்ல. செட்டப் என்பது, ஏற்பாடு என்ற பொருளோடு தொடங்கி, போலி நாடகம் என்றாகி, கொச்சை வழக்கில் மறைவான தொடுப்பையும் குறிக்குமளவுக்குப் போயிருக்கிறது.

சங்கமமும் இங்கே நிகழ்ந்தது. கொட்டகையைக் குறிக்கும் ‘ஷெட்’ என்ற வேறோர் ஆங்கிலச் சொல், தமிழர் வாயில் ஷகரம் சகரமாகி, செட்டு என்றே ஒலிக்கிறது. கார் செட்டு, மாட்டுச் செட்டு, தறிச்செட்டு என்பவற்றில் இருப்பது அதுதான். இவ்விரண்டுக்கும் முன்பிருந்தே நம்மிடம் செட்டு என்ற சொந்தச் சொல் ஒன்று உண்டு. வாணிகத்தையும் சிக்கனத்தையும் குறிப்பது. கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்துகிறாள் என்று பெரியவர்கள் பாராட்டும்போது கேட்கப்படுவது. மூன்று வேறு பிறப்புடைய சொற்கள், ஓர் ஒலியில் வந்து கூடியிருக்கின்றன. பிங்கலரும் மண்டல புருடரும் இன்று இருந்தால், தத்தம் நிகண்டின் ஒருசொற் பல்பொருட் பெயர்த் தொகுதியில் இதற்கு ஓர் இடம் ஒதுக்கியிருப்பார்கள் என்பதில் ஐயமில்லை.

இவ்வளவையும் ஆராய்ந்து பார்த்தால் தோன்றும் முடிவு இது: ‘செட்’ என்பது 430 பொருளுடைய ஒரு சொல் அன்று, நிலைபெறுதல் என்னும் ஒரு பெருங்கருத்தும், பின்தொடரும் கூட்டம் என்னும் மற்றொரு கருத்தும் ஓர் ஒலியில் கூடி, எண்ணற்ற சேர்க்கைகளில் எண்ணற்ற முகங்களைக் காட்டும் சொல். ஆகவே ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இச்சொல்லின் பொருள்களைப் பட்டியலாக மனனம் செய்விப்பதை விட்டு, அது எந்தெந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதைக் காட்டிக் கற்பிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லைப் பெயர்க்காமல் வாக்கியத்தைப் பெயர்க்க வேண்டும்.

அகராதித் துறையில் ஈடுபட்டோருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, நம் பழைய இலக்கியச் சொற்களுக்கு அரும்பெரும் தொண்டு புரிந்தது. ஆனால் ஒரு சொல்லின் ஒவ்வொரு பொருளும் எந்த ஆண்டில் எந்த எழுத்தில் முதன்முதல் தோன்றிற்று என்று காலவரிசையில் காட்டும் ஆக்ஸ்போர்டு முறை, தமிழுக்கு இன்னும் முழுமையாக வாய்க்கவில்லை. பம்ப்செட் எப்போது வயலுக்கு வந்தது, செட் ஆகுதல் எப்போது பேச்சில் புகுந்தது என்பதற்குரிய சான்றுகள் பத்திரிகைகளிலும், விளம்பரங்களிலும், நாடகப் பிரதிகளிலும், திரைப்பட வசனங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. அவை அழிவதற்கு முன், ஆண்டும் இடமும் குறித்துத் தொகுத்துவைப்பது பல்கலைக்கழகங்களின் கடமை. அப்பணிக்குத் தம் கண்ணிற்பட்ட வாக்கியங்களை எழுதி அனுப்பி உதவுவது, மரேயின் காலத்து ஆங்கில வாசகர்கள் செய்தது போல, தமிழ் வாசகர் ஒவ்வொருவரும் செய்யக்கூடிய காரியம்.